வன்னியின் பிரக்கிராசிமாரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் அரசியலில் சட்டத்தரணிகள் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஜீ. ஜீ. பொன்னம்பலம், எஸ். ஜே. வி. செல்வநாயகம், மு. திருச்செல்வம், அ. அமிர்தலிங்கம், மு. சிவசிதம்பரம் என்று பெரியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எழுதியவர் உழைத்து எழுதியிருக்கிறார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரை, யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னியையும் பிரிக்கிற ஆனையிறவோடு நின்றுவிட்டது. "அப்பப்பா, ஆனையிறவுக்கு இங்கால ஒரு லோயரும் எம்.பி.யாக வரேல்லையோ?" என்று என் பேத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் வெட்டுங்கள். நடுவில் வருகிற இராமநாதபுரத்துப் பெர்மிட் விஷயத்தை மட்டும் வெட்டவேண்டாம்.

நான் 1971ஆம் ஆண்டு முதல் 1983 வரை கிளிநொச்சிப் பட்டணத்தில் ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்காக இருந்தவன். அவர் உறுதி எழுதுகிற நொத்தாரிசும்கூட. அவர் அரசியலுக்கு வரவில்லை. காலமாகிவிட்டார். தன் பெயர் பத்திரிகையில் வருவதை உயிரோடு இருந்தபோதே விரும்பாதவர் என்பதால் இங்கும் எழுதவில்லை. ஆனால் அவருடைய விறாந்தையில் இருந்து பார்த்ததால்தான், இன்னொரு பிரக்கிராசி எப்படி எம்.பி. ஆனார், ஏன் ஆனார் என்பது எனக்கு விளங்கியது.

இன்றைய பிள்ளைகளுக்குப் பிரக்கிராசி என்ற சொல்லே தெரியாது. அந்த நாளில் சட்டம் படித்தவர்கள் இரண்டு சாதி. ஒருவர் அப்புக்காத்து, மற்றவர் பிரக்கிராசி. அப்புக்காத்து நீதவானுக்கு முன்னால் நின்று வாதாடுகிறவர். கட்சிக்காரன் நேரே அவரிடம் போக முடியாது. பிரக்கிராசிதான் கட்சிக்காரனைச் சந்திப்பார், கதையைக் கேட்பார், கடுதாசிகளைப் பார்ப்பார், வழக்கை எழுதித் தயார் பண்ணுவார், தேவையென்றால் அப்புக்காத்தைப் பிடித்துக் கொடுப்பார். 1974 ஜனவரியில் புதிய நீதி நிர்வாகச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டையும் ஒன்றாக்கியது. எல்லாரும் சட்டத்தரணி ஆனார்கள். எங்கள் கந்தோர்ப் பலகையையும் அப்போதுதான் மாற்றி எழுதினோம். பழைய எழுத்தின் மேல் வெள்ளை அடித்து எழுதினபடியால், மழைக்காலத்தில் சுவர் நனைந்தது போல 'பிரக்கிராசி' என்ற எழுத்து அடியில் தெரியும்.

பேச்சு அப்புக்காத்தின் தொழில், கேட்பது பிரக்கிராசியின் தொழில் என்று எங்கள் பிரக்கிராசி ஐயா சொல்லுவார். உங்கள் கட்டுரையில் வந்தவர்கள் பெரும்பாலும் பேச்சால் பேர் எடுத்தவர்கள். வன்னியில் இருந்து போனவர்களை அந்த அளவுகோலால் அளந்தால் ஒருவரும் கண்ணில் படமாட்டார்கள்.

இங்கே இன்னொரு வேறுபாடும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் காணி என்றால் உறுதிக் காணி. பேரன் பூட்டன் காலத்து உறுதி, சீதன உறுதி, பங்கு, வழிவாய்க்கால், வேலி. அங்கே காணிச் சண்டை நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு வென்றால் காணி. கிளிநொச்சியில் எங்கள் காணி பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் தந்தது. விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, துண்டாட முடியாது, எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே எங்கள் காணிச் சண்டை நீதவானிடம் போவதற்கு முன் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபரின் கந்தோருக்குப் போகும். அங்கே வாதாட்டம் கிடையாது. கோப்பு இருக்கும். கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதை அடுத்த மேசைக்கு நகர்த்த வேண்டும், நகர்த்தாதவருக்கு மேலே உள்ளவருக்கு எழுத வேண்டும். அப்போது கிளிநொச்சி தனி மாவட்டமும் இல்லை. 1984இல்தான் பிரித்தார்கள். அதுவரை கச்சேரி என்றால் யாழ்ப்பாணக் கச்சேரிதான், நாற்பது மைல். விடியற்காலை பஸ் ஏறி, ஆனையிறவு கடந்து, கச்சேரி வாசலில் நின்று, "நாளைக்கு வாரும்" என்று கேட்டுவிட்டு இரவு வீடு வந்து சேருவது ஒரு நாள் கூலி.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிரக்கிராசி செய்கிற வேலையும் ஒரு எம்.பி. செய்கிற வேலையும் ஏறத்தாழ ஒன்றுதான். காகிதமும் அதேதான், சனமும் அதேதான். எம்.பி.யின் கையெழுத்து கொஞ்சம் தூரம் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் கிளிநொச்சிச் சனம் 1970இல் ஒரு பிரக்கிராசியைத் தெரிவு செய்தது என்பது என் எண்ணம்.

வீ. ஆனந்தசங்கரி அவர்களைத்தான் சொல்கிறேன். 1933இல் பிறந்தவர். முதலில் ஆசிரியர். 1955இல் லங்கா சமசமாஜக் கட்சியின் வாலிபர் அமைப்பில் சேர்ந்தவர். கிளிநொச்சித் தொகுதி உருவாகி முதல் தேர்தல் 1960இல் நடந்தது. அதில் தமிழரசுக் கட்சியின் அ. சிவசுந்தரம் வென்றார். 1965இல் அதே கட்சியின் கா. பொ. இரத்தினம். அவர் தமிழறிஞர், பண்டிதர். சங்கரியார் இடதுசாரியாக நின்று அந்தத் தேர்தல்களில் தோற்றவர். பிறகு தமிழ்க் காங்கிரஸுக்கு வந்தார். அறுபதுகளின் பிற்பகுதியில் பிரக்கிராசியானார். இதற்கிடையில் கரைச்சிக் கிராம சபை, பிறகு கிளிநொச்சிப் பட்டின சபை. கிணறு, சந்தை, விளக்கு, மதகு. இந்த வழியில் வந்தவர்தான் 1970 மேயில் எம்.பி. ஆனார்.

அந்தத் தேர்தல் எனக்கு நல்ல ஞாபகம். நாடு முழுக்க சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அலை. வடக்கில் பெரிய மரங்களே விழுந்தன. யாழ்ப்பாணத்தில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தோற்றார், உடுப்பிட்டியில் மு. சிவசிதம்பரம் தோற்றார், வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம் தோற்றார். தமிழ்க் காங்கிரஸுக்குக் கிடைத்தது மூன்று ஆசனம்: நல்லூர், வட்டுக்கோட்டை, கிளிநொச்சி. கட்சியின் தலைவர் பொன்னம்பலம் வெளியில், மூன்று புது ஆட்கள் உள்ளே. நல்லூர் உறுப்பினரும் வட்டுக்கோட்டை உறுப்பினரும் அரசாங்கத்தின் பக்கம் போனார்கள். கிளிநொச்சி உறுப்பினர் போகவில்லை. 1972 மே 14ஆம் திகதி திருகோணமலையில் தமிழர் கூட்டணி அமைந்தபோது அந்தப் பக்கம் நின்றார்.

அரசாங்கத்தோடு நின்றால் காணி, வேலை, வீதி எல்லாம் சுலபமாக வரும் என்று அந்த நாளில் பலரும் சொன்னார்கள். அது பொய்யல்ல. மற்ற எந்தத் தொகுதியையும்விடக் கிளிநொச்சிக்குத்தான் அரசாங்கம் தேவை. காணியும் அரசாங்கத்தின் காணி, குளமும் அரசாங்கத்தின் குளம். அப்படிப்பட்ட தொகுதியின் ஆள் எதிர்ப்பக்கம் நின்றால், ஒவ்வொரு சின்ன வேலைக்கும் நாலு கடிதம் கூட எழுத வேண்டி வரும். அந்தக் கூடுதல் கடிதங்களைத் தட்டச்சு செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அவர் எடுத்தது மலிவான முடிவல்ல. அதன் விலையில் ஒரு பங்கை நாங்கள்தான் கொடுத்தோம். கொடுத்தவர்கள்தான் 1977இல் திரும்பவும் அவரை அனுப்பினார்கள்.

இனி அந்த இராமநாதபுரத்துப் பெர்மிட்.

1972 மாரி. நெல் பால் பிடிக்கிற நேரம். ஒரு பெண், வயது முப்பது இருக்காது, கைக்குழந்தையோடு எங்கள் விறாந்தை வாங்கில் வந்து இருந்தா. புருஷன் இரவு வயலுக்குத் தண்ணி கட்டப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்துப் போனார். முப்பத்தோராம் நாள்கூட முடியவில்லை. புருஷனின் தமையன் வந்து, "காணி எங்கட தம்பியின்ர, நான் செய்யிறன், நீ பிள்ளையோட கொம்மா வீட்டை போ" என்று சொல்லிவிட்டாராம்.

ஐயா கேட்ட முதல் கேள்வி காணியைப் பற்றியதல்ல. "பிள்ளை, காலமை ஏதும் சாப்பிட்டனீரோ?" என்றுதான் கேட்டார். தேத்தண்ணிக் கடைக்கு என்னை அனுப்பினார். பிறகுதான், "பெர்மிட்டைக் கொண்டு வந்தனீரோ?" என்றார். அவ சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கடுதாசியை அவிழ்த்துக் கொடுத்தா. நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. பெர்மிட்டில் பின்னுரித்தாளர் பெயர் எழுதுகிற இடம் ஒன்று உண்டு. ஐயா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. புருஷன் எழுதி வைக்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் யார்தான் சாவை நினைத்து எழுதி வைப்பார்கள்?

பின்னுரித்தாளர் பெயர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று சட்டத்தில் ஒரு வரிசை உண்டு. மனைவிக்குச் சீவிய உரித்து உண்டு. ஆனால் மறுமணம் செய்தால் அது போய்விடும். பிள்ளைகளில் ஆண் முதல், பெண் பிறகு. தமையனுக்கு மனைவிக்கு முன்னால் இடமே இல்லை. இது ஐயாவுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, தமையனுக்குத் தெரியாது, தமையனோடு தேத்தண்ணி குடிக்கிற குடியேற்ற உத்தியோகத்தருக்குத் தெரிந்தும் தெரியாது.

அன்று பின்னேரம் ஐயா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மூன்று கார்பன் வைத்து நாலு பிரதி. மேலே, 'அரசாங்க அதிபர், கச்சேரி, யாழ்ப்பாணம்.' கீழே, 'நகல்: 1. காணி ஆணையாளர், கொழும்பு. 2. கிளிநொச்சிப் பாராளுமன்ற உறுப்பினர்.' நாலாவது எங்கள் கோப்புக்கு. கடைசிக் கார்பனில் எழுத்து மங்கலாக விழும். அதற்காக விசையை அடித்து அழுத்துவேன். விரல் நுனி நாவல் நிறமாகிவிடும். அவ பெருவிரல் அடையாளம் வைத்தா. ஐயா ஒரு சதமும் வாங்கவில்லை. முத்திரைக் காசை மட்டும் அவ வற்புறுத்திக் கொடுத்தா.

கொழும்பில் இருந்து ஒரு பதில் சிங்களத்தில் வந்தது. அது எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. பட்டணத்தில் ஒரு பேக்கரிக்காரர் சிங்களம் நன்றாக அறிந்தவர். அவரிடம் கொண்டு போனேன். கையில் மாவோடு வாசித்துவிட்டு, "விசாரிக்கச் சொல்லி யாழ்ப்பாணத்துக்கு எழுதியிருக்கு தம்பி, நல்ல செய்திதான்" என்றார். பதினாலு மாதம் ஆனது. விசாரணை நடந்து, பெர்மிட் அவவின் பெயருக்கு மாறியது. யாருடைய கடிதத்தால் அந்தக் கோப்பு எழும்பி நடந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கச்சேரியில் ஒரு நல்ல கிளாக் இருந்திருக்கலாம். ஆனால் நகல் போகும் இடம் என்று ஒன்று இருந்தது. 'இதை எங்கட எம்.பி.யும் பார்ப்பார்' என்று ஒரு உத்தியோகத்தர் நினைக்க ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் அந்தப் பெண்ணுக்குத் துணை.

என்னிடம் இன்றும் இருக்கிற நகல்களை அடுக்கிப் பார்த்தால் அந்தக் கடைசி வரியிலேயே நாட்டின் சரித்திரம் தெரியும். 1972 மே வரைக்கும் அது பிரதிநிதிகள் சபை. பிறகு புதிய அரசியலமைப்பு வந்து தேசிய அரசுப் பேரவை. 1978க்குப் பிறகு பாராளுமன்றம் என்று சட்டப்படியே பெயர். நாங்கள் பழக்கத்தில் நடுவில் மாறி மாறி அடித்திருக்கிறோம். ஒரே மனிதர், ஒரே தொகுதி, எட்டு வருடத்துக்குள் சபைக்கு மூன்று பெயர். அந்த மாற்றங்களில் சிறுபான்மையினருக்குக் காவலாக இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு போனதும், தமிழ் உறுப்பினர்கள் வெளியேறியதும், தந்தை செல்வா பதவி விலகியதும், 1976இல் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானமும் உங்கள் கட்டுரையில் விரிவாக இருக்கின்றன. அதைத் திருப்பி எழுதவில்லை.

ஒரு விஷயம் மட்டும். வாக்கில்லாதவர்களும் அந்த வாங்கில் வந்து இருந்தார்கள். 1958க்குப் பிறகும், 1977 ஆவணிக் கலவரத்துக்குப் பிறகும் மலையகத்தில் இருந்து வந்து தருமபுரம் பக்கத்திலும் வவுனியாப் பக்கத்திலும் குடியேறின சனம். காந்தியம் அமைப்பு அவர்களுக்காக வேலை செய்தது. அவர்களில் பலருக்குப் பிரஜாவுரிமை இல்லை. 1948, 1949 சட்டங்கள் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தன. பிரஜாவுரிமை இல்லாதவனுக்குப் பெர்மிட் இல்லை, பெர்மிட் இல்லாதவனுக்கு விவசாயக் கடன் இல்லை. காடு வெட்டி, மிளகாய் நட்டு, பச்சைப் பசேலென்று தோட்டம் செய்துவிட்டு, "இது யாருடைய காணி?" என்று ஜீப்பில் வந்தவர் கேட்கும்போது வாய் திறக்க முடியாமல் நின்ற மனிதர்களை நான் பார்த்தேன்.

வன்னி அரசியலில் இந்த இழை மிகப் பழையது. 1947இல் வவுனியாவில் தெரிவான செ. சுந்தரலிங்கம் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். கணிதப் பேராசிரியராக இருந்தவர், பாரிஸ்டரும்கூட. 1948 முடிவில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமூலம் வந்தபோது அதற்கு உடன்பட மாட்டாமல் அமைச்சர் பதவியை விட்டவர். அவருடைய பிடிவாதங்களைப் பற்றி ஆயிரம் கதை உண்டு. எனக்கு அவருடைய வேறு பல கருத்துகளில் உடன்பாடில்லை. ஆனால் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்காக வவுனியா எம்.பி. அமைச்சர் கதிரையை விட்டார் என்பதை வன்னிப் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்? கடைசியாக 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தச் சனத்தின் பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டப்படி ஒரு முடிவுக்கு வந்தது. ஐம்பத்தைந்து வருடம். அதுவரைக்கும் அவர்களுடைய பெட்டிசங்களை, அதாவது மனுக்களை, வாக்கு எண்ணிக்கை பார்க்காமல் எழுதிய பிரக்கிராசிமாரை எங்காவது ஒருவர் குறித்து வைத்தாரா?

இன்னொரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பத்திரிகை மட்டுமல்ல, பலரும் செய்கிற பிழை. சிவசிதம்பரம் என்ற பெயரில் இரண்டு பேர். ஒருவர் உடுப்பிட்டியிலும் பிறகு நல்லூரிலும் உறுப்பினராக இருந்த மு. சிவசிதம்பரம். மற்றவர் வவுனியாவின் தா. சிவசிதம்பரம், 1960இல் சுந்தரலிங்கத்தை வென்று வந்து, 1970 வரையும், பிறகு 1977இல் இருந்து 1983 வரையும் வவுனியாவின் உறுப்பினர். 1977இல் இருவரும் தமிழர் விடுதலைக் கூட்டணியில் ஒரே சபையில் இருந்தவர்கள். வவுனியாக்காரரைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து மற்றவருடைய படத்தைப் போடாதீர்கள்.

1983. ஓகஸ்ட் 8ஆம் திகதி அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம். பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யாதவர்கள் சபையில் இருக்க முடியாது. கூட்டணியின் உறுப்பினர்கள் சத்தியம் செய்யவில்லை, சபைக்கும் போகவில்லை. ஒக்ரோபரில் ஆசனங்கள் போயின. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பால் நீட்டப்பட்ட அதே பாராளுமன்றம் 1988 டிசம்பர் வரைக்கும் இருந்தது. எங்கள் பகுதிக்கு அதில் ஆள் இல்லை. எங்கள் கந்தோரும் அந்த வருடம்தான் மூடியது. கடைசியாக நான் தட்டச்சு செய்த பெட்டிசத்தில், 'நகல்' என்று அடித்துவிட்டு நிறுத்தினேன். "யாருக்கு ஐயா?" என்று கேட்டேன். ஐயா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அதை விடும். அரசாங்க அதிபருக்கு மட்டும் அனுப்பும்" என்றார். அந்த நகல் என்னிடம் இருக்கிறது. 'நகல்:' என்ற சொல்லும், அதற்குப் பக்கத்தில் வெறுமையும்.

அதற்குப் பிறகு தொகுதி என்பதே போய்விட்டது. 1989 முதல் விகிதாசாரப் பிரதிநிதித்துவம், விருப்பு வாக்கு. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். வன்னிக்குள்ளேயே கிடக்கிற கிளிநொச்சி மட்டும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு. பெயரில் வன்னி, வாக்கில் யாழ்ப்பாணம். 2024 தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். அந்த ஆறு பேரில் எங்கள் வட்டக்கச்சி வாய்க்காலுக்கு யார் பொறுப்பு என்று என் பேத்தி கேட்டால் நான் யாரைக் காட்டுவேன்? எல்லாரும் எங்கள் எம்.பி.தான் என்று சொல்லலாம். பெட்டிசத்தில் எல்லாருக்கும் நகல் போட்டால் ஒருவரும் தன்னுடையதென்று எடுக்கமாட்டார்கள். இது கிளாக் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். புதிய தேர்தல் முறை பற்றிப் பேசுகிறவர்கள் கிளிநொச்சிக்குத் தனித் தொகுதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சங்கரியார் 2000ஆம் ஆண்டு திரும்பவும் பாராளுமன்றம் போனார், 2001இலும் வென்றார். இரண்டும் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து. அப்போது கிளிநொச்சிப் பட்டணம் புலிகளின் கையில் இருந்தது. எங்கள் பகுதியில் வாக்குச்சாவடி இல்லை. முப்பது வருடத்துக்கு முன் எங்கள் வாக்கில் போனவர், இப்போது எங்கள் வாக்கு இல்லாமல் போனார். 2002இல் மு. சிவசிதம்பரம் காலமான பிறகு தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவரானார். அதன் பிறகு வந்த பிளவு, கட்சியின் உதயசூரியன் சின்னத்துக்காக நடந்த வழக்கு, 2004இல் அவர் தனியாக நின்று தோற்றது, 2006இல் யுனெஸ்கோவின் மதன்ஜீத் சிங் பரிசு, 2013 மாகாண சபைத் தேர்தலில் கிளிநொச்சியிலேயே தெரிவாகாதது எல்லாம் உங்கள் வாசகர்கள் கண்ணால் பார்த்தவை. அந்தக் காலத்து அவருடைய நிலைப்பாடுகளில் எனக்கு உடன்பாடில்லாதவை இருந்தன. உடன்பாடு உள்ளவர்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஒரே வீட்டில் தகப்பனும் மகனும் வேறு வேறு பக்கம் நின்றதையும் கண்டேன். அந்த வாதத்தை இங்கே நடத்த நான் வரவில்லை.

ஆனால் ஒன்று எனக்கு நோகிறது. இன்று அவருடைய பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது 2003க்குப் பிந்திய சண்டை மட்டும். 1970 முதல் 1983 வரையான பதின்மூன்று வருடத்தை ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பதின்மூன்று வருடத்தில் வன்னி என்னவாக இருந்தது? மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியதால் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர்கள் மிளகாய் நட்டுக் கல்வீடு கட்டிய காலம் அது. அரிசி கொண்டு போகக் கட்டுப்பாடு இருந்ததும் அதே காலம். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு மிளகாய் விலை விழுந்ததும் அதே காலம். இரணைமடுக் குளத்து நீரில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று விவசாயிகளின் போகக் கூட்டத்தில் தொண்டை கிழியச் சண்டை பிடித்ததும் அதே காலம். அப்போது ஒரு சின்னப் பட்டணத்துப் பிரக்கிராசி கொழும்புச் சபையில் எழும்பி இவற்றைப் பற்றி என்ன பேசினார், என்ன கேள்வி கேட்டார், என்ன பதில் வந்தது? சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்டில் எல்லாம் அச்சாகிக் கிடக்கிறது. எடுத்து வாசிக்க ஒருவர் வேண்டும். தா. சிவசிதம்பரத்துக்கும் அதையே செய்யலாம். வென்ற தேர்தல், தோற்ற தேர்தல் என்று எண்ணுவதை விட்டு, அந்தப் பக்கங்களை எண்ணுங்கள்.

ஹன்சார்ட் கொழும்பில் பத்திரமாக இருக்கும். மறுபக்கம்தான் அழிந்துகொண்டிருக்கிறது. பெட்டிசம் எழுதிய பிரக்கிராசிமார் ஏறத்தாழ எல்லாரும் போய்விட்டார்கள். எங்களைப் போன்ற கிளாக்குகளில் எனக்குத் தெரிய மூன்று பேர்தான் மிச்சம். ஒருவருக்குக் கண் தெரியாது. கந்தோர்க் கோப்புகள் இடப்பெயர்வுகளில் போயின. 2009இல் என் மனைவி எங்கள் காணிப் பெர்மிட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் புதுக்குடியிருப்புக்கும் அதற்கு அங்காலும் நடந்தா. நான் யூரியாப் பை ஒன்றில் அந்த நகல் கோப்பைச் சுற்றித் தோளில் வைத்திருந்தேன். "உதைத் தூக்கி எறியுங்கோ, அரிசியைத் தூக்கலாம்" என்று அவ சொன்னது சரிதான். ஏன் எறியவில்லை என்று எனக்கே இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. செட்டிகுளம் முகாமில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். 2010இல் திரும்பி வந்து காணி காட்டுங்கள் என்று கேட்டபோது, பெர்மிட் தொலைந்த அயலவர் இரண்டு பேருக்கு அந்தக் கோப்பில் இருந்த பழைய நகல்கள் உதவின. பெர்மிட் இலக்கமும் துண்டு இலக்கமும் அதில் இருந்தன. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் நாவல் நிற விரலோடு நான் அடித்த எழுத்து.

இராமநாதபுரத்துப் பெண்ணின் நகலும் அதில் இருக்கிறது. அவ உயிரோடு இல்லை. அன்று மடியில் இருந்த குழந்தை இன்று அந்தக் காணியைச் செய்கிறார், பேரப்பிள்ளை கண்டவர். சென்ற வருடம் அவரிடம் அந்தக் கடுதாசியைக் காட்டினேன். கீழே இருந்த தாயின் பெருவிரல் அடையாளத்தின் மேல் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார். ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, கட்டுரைத் தொடர் தொடருமானால் அடுத்ததை ஆனையிறவுக்கு இங்கால் இருந்து எழுதுங்கள். எழுதுகிறவரைக் கொழும்பு நூலகத்துக்கும் அனுப்புங்கள், எங்கள் விறாந்தைகளுக்கும் அனுப்புங்கள். இரண்டு, வன்னியில் எவரிடமாவது பழைய பெட்டிசம், பிரக்கிராசிக் கந்தோர்க் கொப்பி, உறுப்பினர்கள் அனுப்பிய பதில் கடிதம் இருந்தால் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு நூலகங்கள் அவற்றைப் பிரதி எடுத்து வைக்கும்படி உங்கள் பத்திரிகை மூலம் கேளுங்கள். என் கோப்பில் நாற்பத்தாறு நகல்கள் இருக்கின்றன. அவற்றைத் தர நான் ஆயத்தம். ஒரே நிபந்தனை: சம்பந்தப்பட்ட குடும்பங்களின் சம்மதம் இல்லாமல் பெயர்களை வெளியிடக் கூடாது. உங்கள் ஆள் வருவதானால் பின்னேரத்தில் வரட்டும், காலமை நான் வயலில் நிற்பேன். மழை தொடங்க முதல் வந்தால் நல்லது. கூரையில் ஒரு இடம் ஒழுகுகிறது, கோப்பை இப்போது கட்டிலில்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரக்கிராசிக் கிளாக் ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.